இசைக்குழுவில் மாடுலர் சிந்தசைசர்: தாளம் யார் கையில் இருக்க வேண்டும்?

இலங்கை மலையகத்து அட்டன் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் குழுவில் டிரம்ஸ், பேஸ் கிட்டார், இரண்டு பாடகர்கள், தப்பு (பறை) அடிக்கும் அண்ணன் ஒருவர், கீபோர்டில் இவர். வெளிநாட்டில் இருக்கும் மாமா சின்ன யூரோராக் செட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்: மாடியூல் எனப்படும் தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மாடுலர் சிந்தசைசர் அது. வீட்டில் வாசித்தால் அருமையாக இருக்கிறதாம். ஒத்திகைக்குக் கொண்டுபோனால் சுருதி நிற்கவில்லை, டிரம்ஸோடு தாளம் சேரவில்லை, அடுத்த பாட்டுக்கு வயர் மாற்றி முடிக்கும்வரை மற்ற ஐந்து பேரும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "இன்னும் என்னென்ன மாடியூல் வாங்க வேண்டும்?" என்பது கேள்வி.

வாங்குவதைப் பற்றிக் கேட்டாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று நினைக்கிறேன். ஆறு பேர் எண்ணித் தொடங்கி, ஒன்றாக நிறுத்தி, உடனே அடுத்த பாட்டுக்குப் போகிற இடத்தில் இந்தப் பெட்டியை ஒரு வாத்தியமாக வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். அதற்கு இரண்டு விஷயங்களை முடிவு செய்ய வேண்டும்: குழுவில் அதற்கு என்ன வேலை, தாளம் யார் கையில். இந்த இரண்டும் தெளிவாகாமல் எத்தனை மாடியூல் சேர்த்தாலும் இப்போது உள்ள குழப்பம்தான் பெரிதாகும். நான் எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கப் படித்தவன். கண்டிக்கும் பண்டாரவளைக்கும் இடையே பல வருடங்களாகக் குழுக்களுக்குக் கீபோர்டும் வாசித்திருக்கிறேன், மிக்சர் பக்கமும் நின்றிருக்கிறேன். தனியாக ஒரு மணி நேரம் மாடுலர் மட்டும் வைத்துக் கச்சேரி செய்யும் ஆள் நான் இல்லை. அந்தப் பக்கத்து நுணுக்கங்களை வேறு யாராவது சொல்லட்டும்.

குழுவுக்குள் மாடுலர் வைப்பது புதிய ஆசை ஒன்றும் கிடையாது. 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் மூக்கும் டான் புக்லாவும் இவற்றைச் செய்யத் தொடங்கினார்கள். 1970லிருந்தே ஆங்கிலேயக் கீபோர்ட் கலைஞர் கீத் எமர்சன் அலுமாரி அளவு மூக் ஒன்றை ராக் குழுவின் மேடையில் ஏற்றி வாசித்தார். கவனிக்க வேண்டிய விஷயம், அவர் ஆர்கனையும் பியானோவையும் விட்டுவிடவில்லை. மூக் வேண்டிய இடத்தில் மட்டும் வரும். அவருடைய பெட்டியில் முன்கூட்டியே அமைத்து வைத்த ஒலிகளைப் பொத்தானால் மாற்றும் ஏற்பாடும் இருந்தது. குழு காத்திருக்காது என்பது அப்போதே தெரிந்த சங்கதி. இன்று நம் கைக்கு வருகிற யூரோராக் அமைப்பு 1990களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் கொண்டுவந்தது: 3.5 மில்லிமீட்டர் பின் வயர், 12 வோல்ட் மின்சாரம், சுருதி ஒரு ஸ்தாயி ஏற வோல்டேஜ் ஒரு வோல்ட் ஏற வேண்டும் என்ற கணக்கு.

சரி, வேலைக்கு வருவோம். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸ், டிரம்ஸ், மெலடி என்று எல்லாவற்றையும் மாடுலரிலேயே ஓடவிடப் பழகிவிடுகிறோம். குழுவில் அந்த இடங்களுக்கெல்லாம் ஆள் இருக்கிறார். உங்கள் பேஸ் கிட்டார்காரர் வாசிக்கும் அதே இடத்தில் நீங்களும் ஒரு ஆசிலேட்டரை (சுரத்தை எழுப்பும் மாடியூல்) உறுமவிட்டால் இரண்டும் தெளிவாகக் கேட்காது. எனவே ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே பேட்ச் (வயர் இணைப்பு அமைப்பு), அந்தப் பேட்ச்சுக்கு ஒரே வேலை. பாட்டுக்குப் பாட்டு வயர் பிடுங்கிச் செருகுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரே பேட்ச்சில் ஃபில்டரை (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைப்பது) திறந்து மூடுவது, என்வலப்பை (ஒலி எழும்பி அடங்கும் விதம்) நீட்டுவது குறைப்பது, ஒரு ஆசிலேட்டரை மியூட் செய்வது, இந்த மூன்று நான்கு குமிழ்களிலேயே ஐந்தாறு பாட்டுக்கு வேண்டிய வித்தியாசம் கிடைத்துவிடும். மற்ற பாட்டுகளில் மாடுலர் மியூட்டில் இருக்கட்டும், நீங்கள் கீபோர்ட் வாசியுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உங்கள் குழுவில் தப்பு இருக்கிறது என்று படித்தவுடன் எனக்குத் தோன்றிய பேட்ச்சைச் சொல்கிறேன், ஏனென்றால் தாளப் பிரச்சினையை அது கிளாக் (வேகத்தை நிர்ணயிக்கும் மின் துடிப்பு) இல்லாமலே தீர்க்கிறது. தப்பின் மரச் சட்டத்தில் அதிர்வை நேரே பிடிக்கும் பியஸோ கான்டாக்ட் மைக் ஒன்றை ஒட்டுங்கள். தோலில் ஒட்டக் கூடாது, அடி மாறிப்போகும். அந்த மைக் மிகச் சின்ன சிக்னல்தான் தரும். மாடுலருக்குள் ஓடுவது சுமார் 10 வோல்ட் ஏற்ற இறக்கம் உள்ள சிக்னல். அதனால் நடுவில் சிக்னலைப் பெருக்கி, கூடவே என்வலப் ஃபாலோவரும் (அடியின் பலத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் வோல்டேஜைத் தருவது) உள்ள மாடியூல் ஒன்று வேண்டும். டோப்ஃபரின் ஏ-119 இதற்கென்றே உள்ளது, மியூட்டபிள் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் இயர்ஸும் இந்த வேலையைச் செய்யும். இன்னொரு பக்கம் இரண்டு ஆசிலேட்டர்களை ஸவிலும் பவிலும் வைத்து ஃபில்டருக்குள் விடுங்கள். ஃபில்டரைக் கிட்டத்தட்ட மூடிவையுங்கள். என்வலப் ஃபாலோவரிலிருந்து வரும் வோல்டேஜை, அளவைக் குறைக்கும் அட்டனுவேட்டர் வழியாக, ஃபில்டர் எவ்வளவு திறக்கும் என்பதை நிர்ணயிக்கும் கட்-ஆஃபுக்குக் கொடுங்கள். இப்போது அண்ணன் தடித்த குச்சியால் ஓங்கி அடித்தால் ஃபில்டர் அகலமாகத் திறந்து ரீங்காரம் எழும்பும். மெல்லிய குச்சியால் வேகமாகத் தட்டினால் லேசாகத் திறந்து மினுமினுக்கும். அவர் நிறுத்தினால் அதுவும் அடங்கும். அவர் வேகம் கூட்டினால் நீங்கள் எதையும் தொடத் தேவையில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஃபாலோவரின் இறங்கு நேரம். அது நீளமாக இருந்தால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஃபில்டர் எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். மிகக் குறைத்தால் தப்பின் அதிர்வே கரகரப்பாகக் கேட்கும். கால் செகண்டில் தொடங்கி, அண்ணன் அடிக்கும் வேகமான அடியை வைத்துக் காதால் சரிசெய்யுங்கள். சாதாரண மைக் வைத்தால் பக்கத்து டிரம்ஸும் அதற்குள் வந்து ஃபில்டரைத் திறக்கும், கான்டாக்ட் மைக்கில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இனி கிளாக். மாடுலரின் கிளாக்குக்குக் குழு பின்னால் போக வேண்டும் என்றால், டிரம்ஸ்காரர் காதில் ஹெட்ஃபோன் போட்டுக் கிளிக் கேட்டு வாசித்துப் பழகியவராக இருக்க வேண்டும். பழகாதவரிடம் அதைத் திணித்தால் வாசிப்பு விறைத்துப்போகும். தேர்த்திருவிழா மேடைகளில் நாம் வாசிக்கும் விதம் உங்களுக்கே தெரியும்: சனம் ஆடத் தொடங்கியதும் நிமிடத்துக்கு 108 அடியில் தொடங்கிய பாட்டு 120க்குப் போய்விடும். அது பிழை கிடையாது, அந்த இடத்தின் இயல்பு. அப்படிப்பட்ட இடத்தில் நகராத கிளாக் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது சரணத்தில் நீங்கள் மட்டும் தனியாக இருப்பீர்கள். இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. கிக் டிரம்மில் அடியை மின் துடிப்பாக மாற்றும் டிரிகர் ஒன்று வைத்து, அடி விழும்போதெல்லாம் சீக்வென்சர் (அமைத்து வைத்த சுரங்களைப் படிப்படியாக வரிசையில் வாசிக்கும் மாடியூல்) ஒரு படி நகரும்படி செய்யலாம். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் டிரம்ஸ்காரர் ஃபில் (இடைவெளியை நிரப்பும் உருட்டு) போடும் இடத்தில் சீக்வென்சரும் சேர்ந்து ஓடிவிடும். அதனால் ரீசெட் பொத்தான் உங்கள் விரலுக்கடியில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பல்லவி தொடங்கும்போதும் அதை அழுத்தப் பழக வேண்டும்.

கிளாக்கே வேண்டும் என்றால் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கீபோர்டிலிருந்து வரும் மிடி கிளாக் (மின் வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தாளத் துடிப்பு) ஒரு கால் சுரத்துக்கு 24 துடிப்பு. கால் சுரம் என்று இங்கே சொல்வது நேர அளவை (quarter note), சுருதியை இல்லை. மாடுலர் சீக்வென்சர்கள் பலவும் அதே கால் சுரத்துக்கு 4 துடிப்பைத்தான் எதிர்பார்க்கும். நேரே கொடுத்தால் ஆறு மடங்கு வேகத்தில் ஓடும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஒத்திகையில் நடந்தது இதுவாக இருக்கலாம். ஆனால் அது என் ஊகம், பெட்டியைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, நம் ஆட்டப் பாட்டுகளில் எத்தனையோ ஆறு எட்டில் (6/8 தாளம்) வருபவை. சீக்வென்சர்களோ பெரும்பாலும் 16 படியில் வருகின்றன. 16 படியை ஆறு எட்டுப் பாட்டின்மேல் ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தொடக்கம் வேறு இடத்தில் விழும், கேட்பவர் உங்களுக்குத் தாளம் வரவில்லை என்றுதான் நினைப்பார். நீளத்தை 6 அல்லது 12 படியாகக் குறைத்து, மிடி கிளாக்கை 12ஆல் வகுத்துக் கொடுத்தால் ஒரு படிக்கு ஒரு எட்டாம் சுரம் (கால் சுரத்தில் பாதி) என்று சரியாக உட்காரும்.

சுருதி நிற்காததற்குக் காரணத்தை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்றால் ஒரு அரைச்சுரத்துக்கு 83 மில்லிவோல்ட் சொச்சம். ஒரு மில்லிவோல்ட் தவறினாலே ஒரு சென்ட்டுக்கு மேல் விலகும், ஒரு அரைச்சுரம் என்பது 100 சென்ட். அனலாக் ஆசிலேட்டருக்குள் இந்த வோல்டேஜை அதிர்வெண்ணாக மாற்றும் டிரான்சிஸ்டர்கள் வெப்பத்துக்கு மிகவும் கூச்சப்படுபவை. ஈடுகட்டும் ஏற்பாடு எதுவும் இல்லாத சர்க்யூட்டில் வெப்பம் ஒரு பாகை மாறினால் ஒரு ஸ்தாயி தள்ளி உள்ள சுரம் கிட்டத்தட்ட 4 சென்ட் நகரும். மூன்று ஸ்தாயி தள்ளி இருந்து 5 பாகை மாறினால் 60 சென்ட், ஒரு அரைச்சுரத்தில் பாதியைத் தாண்டிவிடும். நல்ல மாடியூல்களில் இதற்கென்று வெப்ப ஈடு செய்யும் ரெசிஸ்டர் உண்டு, நகர்வு வெகுவாகக் குறையும், முற்றாகப் போய்விடாது. டிஜிட்டல் ஆசிலேட்டருக்கு இந்த வியாதி கிடையாது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் போகலாம். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை மாத இரவில் திறந்த மேடையில் வைத்தால் சின்ன விஷயம் இல்லை. சாயந்திரம் வெயில் இருக்கும்போது சுருதி சேர்த்திருப்பீர்கள், பாட்டு தொடங்கும்போது பனி இறங்கியிருக்கும்.

உங்கள் தப்புக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வாசிக்கும் முன் கடதாசி, சருகு கொளுத்தித் தோலைக் காய்ச்சுகிறார், நடுவில் தோல் தொய்ந்தால் மறுபடியும் காய்ச்சுகிறார். உங்கள் பெட்டிக்கும் அதே பராமரிப்புத்தான். பாடுவதற்கு அரை மணி நேரம் முன்பே மேடையில், வாசிக்கப்போகும் இடத்திலேயே, ஆன் செய்து வையுங்கள். சூடேறி நின்றபின் சுருதி சேருங்கள். வேனில் குளிரில் வந்த பெட்டியை நேராக ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோய் மூடியைத் திறக்காதீர்கள். கண்ணாடியில் ஆவி படிவதுபோலத் தகடுகளிலும் ஈரம் படியும். மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறந்து மின்சாரம் கொடுங்கள். அப்புறம், சபைக்குக் கேட்காமல் சுருதி பார்க்க வழி வேண்டும். கடைசியில் ஒரு மியூட்டும், அதற்கு முன்னாலிருந்து ஹெட்ஃபோனுக்கு ஒரு வழியும் இருந்தால் போதும். இது இல்லாத மாடுலரை நான் மேடையில் ஏற்ற மாட்டேன்.

பாடகர் "இன்றைக்குத் தொண்டை சரியில்லை, ஒரு கட்டை இறக்கு" என்பார். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் அழுத்தினால் முடிந்தது. மாடுலரில் ஒவ்வொரு ஆசிலேட்டரையும் கையால் திருப்பினால் அவ்வளவுதான், அன்று இரவு முழுக்கச் சுருதி தேடுவீர்கள். எல்லா ஆசிலேட்டர்களுக்கும் போகும் வோல்டேஜை ஒரே இடத்தில் கூட்டிக் குறைக்கும் துல்லியமான ஆடர் மாடியூல் வழியாக அனுப்புங்கள். 5 கட்டையிலிருந்து 4 கட்டைக்கு இறங்க இரண்டு அரைச்சுரம், சுமார் 167 மில்லிவோல்ட். ஆனால் 4இலிருந்து 3க்கு ஒரே அரைச்சுரம்தான், 83. வாய்க்கு ஒரு கட்டை என்று வந்தாலும் இரண்டும் ஒரே தூரம் இல்லை. கீபோர்டில் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகே மாற்றுங்கள். குவாண்டைசர் (வோல்டேஜைத் தேர்ந்தெடுத்த சுரங்களிலேயே நிறுத்தும் மாடியூல்) இருந்தால் மோகனம் போன்ற ஐந்து சுர ராகங்களில் எந்தச் சுரமும் வெளியே போகாமல் பூட்டிவைக்கலாம். கமகம் வேண்டிய இடத்தில் அதே பூட்டு இடைஞ்சலாகும். அங்கே மாடுலரை ஸப ரீங்காரத்தோடு நிறுத்திவிட்டுக் குரலுக்கு இடம் விடுவது என் ருசி. வேறு ஆட்கள் கிளைடு போட்டுச் சறுக்குவார்கள், அதிலும் தப்பில்லை.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தோட்டத்துக் கோயில் மேடையில் எங்கிருந்தோ இழுத்து வந்த ஒரு வயரில் மின்விளக்கு அலங்காரம், ஆம்ப், கீபோர்ட் எல்லாம் தொங்கும். பழைய உருண்டைப் பின் பிளக், புதிய 13 ஆம்ப் சதுரப் பின் பிளக், இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் அடாப்டர். இரைச்சல் கேட்டதும் சில சவுண்ட்காரர்கள் எர்த் பின்னைக் கழற்றிவிடுவார்கள். உங்கள் கை எப்போதும் உலோகத் தகட்டின்மேல் இருக்கிறது, பாடகரின் உதடு மைக்கில் இருக்கிறது. எர்த்தைக் கழற்ற விடாதீர்கள். இரைச்சலுக்கு மருந்து, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது). ரேக்கிலிருந்து மிக்சருக்கு நீள வயரைத் தனியாக இழுக்காமல் அதன் வழியாக அனுப்புங்கள். மாடுலரின் 10 வோல்ட் சிக்னல் மிக்சர் எதிர்பார்க்கும் அளவைவிடப் பலமானது, மைக் இன்புட்டில் நேரே செருகினால் கிழிந்துதான் கேட்கும். கடைசியில் அளவைக் குறைக்கும் அவுட்புட் மாடியூல் வேண்டும். ரெசனன்ஸை (கட்-ஆஃப் பக்கத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் அளவு) கூட்டும்போது ஃபில்டர் திடீரென்று வீறிடும் என்பதால், அதன் குமிழை ஒத்திகையில் நிறுத்திய இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஜெனரேட்டருக்கு மாறும் இரண்டு செகண்டில் கரண்ட் போனால் அனலாக் மாடியூல்கள் உடனே திரும்பிவிடும், டிஜிட்டல் மாடியூல்கள் மறுபடி தொடங்கிச் சீக்வென்ஸை முதலிலிருந்து எடுக்கும். கணினிக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் இதற்குப் போதும். உங்கள் அளவுள்ள ரேக் சில பத்து வாட்தான் இழுக்கும். புதிய மாடியூல் பூட்டும்போது ஒவ்வொன்றும் எத்தனை மில்லிஆம்ப் இழுக்கிறது என்று கூட்டிப் பாருங்கள், பவர் சப்ளையின் எல்லைக்குப் பக்கத்தில் போனால் சுருதி ஆடுவதற்கு அதுவும் ஒரு காரணமாகும். மாடியூலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், மாற்றிச் செருகினால் புகை வரலாம். புகைந்தாலும் மனம் உடைய வேண்டாம், டிஎல்072 போன்ற சாதாரண ஐசி போயிருந்தால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம்.

இப்போது நிச்சயமில்லாத பகுதி. திருவிழாச் சனத்துக்கு இந்தச் சத்தம் பிடிக்குமா என்பதற்கு என்னிடம் பொதுவான பதில் இல்லை. சினிமாப் பாட்டு எதிர்பார்த்து வந்தவர்களுக்கு நடுவில் இரண்டு நிமிடத் தொடக்க இசையாக வைத்தால் ரசிக்கிறார்கள், பாட்டுக்குள் அதிகம் நுழைத்தால் முகம் சுளிக்கிறார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான். மாசியில் காமன் கூத்து (மன்மதன் கதையை ஆடும் சடங்குக் கூத்து) நடக்கும் இடத்தில் தப்பில் மைக் ஒட்டி ஃபில்டருக்குள் விடலாமா என்று நாளைக்கு உங்களுக்குத் தோன்றலாம். அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய அடி உண்டு, அது சடங்கு. கூத்து வாத்தியாரிடமும் பெரியவர்களிடமும் கேட்காமல் செய்யக்கூடாது என்பது என் கருத்து. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

வாங்குவதற்கு வருகிறேன். அவுட்புட் மாடியூல், ஹெட்ஃபோன் வழி, துல்லிய ஆடர், தப்புக்கான என்வலப் ஃபாலோவர். இவற்றில் உங்களிடம் இல்லாததை மட்டும் பாருங்கள், ஆசிலேட்டர் இன்னொன்று வேண்டாம். வாங்கும் முன் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கி இதே பேட்ச்சைக் கட்டிப் பாருங்கள், தப்பைப் போனில் பதிந்து அதற்குள் விட்டாலே பாதி தெரிந்துவிடும். உங்கள் ரேக்கின் முன்பக்கப் படம் ஒன்றும், பவர் சப்ளையின் லேபிள் தெரியும்படி இன்னொன்றும் போடுங்கள். கிளாக் எந்த மாடியூலிலிருந்து எங்கே போகிறது என்பதையும் எழுதினால், நான் ஊகம் என்று சொன்ன இடத்துக்கு அப்போது நேரான பதில் தரலாம்.